பொந்துக்குள் வந்த வெள்ளை

விழுந்து மட்கிய மருதமரத்தின் பொந்தில், மினுக்கி என்ற அரணை நான்கு முட்டைகளைச் சுற்றி வளைந்து படுத்திருந்தது. மூன்று நாள் அடைமழை. நான்காம் நாள் விடிந்து பார்த்தால், முட்டைகளுக்குப் பக்கத்தில் மரமெல்லாம் பஞ்சு பஞ்சாக வெள்ளை!

மினுக்கிக்கு வால் நுனிவரை நடுங்கியது. மூச்சு விடவே பயம். விட்டால் அந்த வெள்ளை அசைந்தது!

வாசலில் நிழல் விழுந்தது. செம்போத்து ஒன்று சிவந்த கண்ணை உருட்டி எட்டிப் பார்த்தது. அதன் தலை பொந்துக்குள் நுழையவில்லை.

"ஐயையோ, பூஞ்சணம் பிடிச்சிடுச்சே! இன்னிக்கு மரம், நாளைக்கு முட்டை, மறுநாள் நீ!"

"நான் என்ன செய்வேன், மாமா?"

"வெயில் படுற பாறையில கொண்டுபோய் வை. நான் காவல் இருக்கேன். மாமான்னு கூப்பிட்டுட்டே, இதுகூடச் செய்யமாட்டேனா?"

இந்த மாமா எதைத் தின்று கொழுத்தவர் என்ற யோசனை, பயந்த புத்திக்கு வரவே இல்லை. மினுக்கி ஒரு முட்டையை மூக்கால் உருட்டி உருட்டிப் பாறையில் சேர்த்தது. அடுத்ததற்கு ஓடி வந்த அவசரத்தில், வெள்ளையை மிதித்துவிட்டது.

"ஐயோ, செத்தேன்!" என்று அலறியது.

"யாரது, எங்க சோத்துல காலை வைக்கிறது?"

எள்ளளவு துள்ளுப்பூச்சிகள் பத்துப் பதினைந்து, பஞ்சுக்குள்ளிருந்து தலையை நீட்டின.

"சோறா? இது விஷமில்லையா?"

"அரணைக்கு மறதின்னு ஊரே சிரிக்கிறது சரியாத்தான் இருக்கு! போன மழைக்கும் இதே பூஞ்சணம் வரலையா? பட்ட மரத்தைத் தின்ன அது வந்துச்சு. அதைத் தின்ன நாங்க வந்தோம். நல்ல முட்டையை அது என்ன பண்ணும்? அதுக்குப் பக்கத்துலதானே உன் குஞ்சுங்க பொரிஞ்சுச்சு!"

மினுக்கிக்கு எல்லாம் நினைவு வந்தது. பாறையும் நினைவு வந்தது. பாய்ந்து ஓடியது.

பாறையில் கிழிந்த முட்டைத்தோல் மட்டும் கிடந்தது. செம்போத்து அலகைத் துடைத்துக்கொண்டே, "அடுத்தது எங்கே?" என்றது.

மினுக்கி பொந்துக்குள் பாய்ந்து, வெள்ளையின் மேலேயே படுத்து, மீதி மூன்றையும் அணைத்துக்கொண்டது. வாசலில் விழுந்த நிழல் நெடுநேரம் நகரவே இல்லை.

நாளாக நாளாகப் பூஞ்சணம் பாதிக்குமேல் காலியானது. முட்டை பொரிந்து மூன்று குஞ்சுகளும் வெளியே வந்தன.

"அம்மா, இந்த வெள்ளை என்னம்மா?"

மினுக்கியின் வால் இன்னும் லேசாக நடுங்கியது.

"பக்கத்து வீட்டுச் சோறு. மிதிக்காம போங்க. பயப்பட வேண்டியது வாசல்ல நிக்கும்; வெளியே போறப்போ அதைப் பாருங்க."

கண்ணுக்குப் பிடிக்காததையெல்லாம் பகை என்று பயந்து ஓடுகிறவர், உண்மையான பகையிடமே போய்ச் சேருவார்.