பேரைப் போடாமல் கேட்டது

கம்ப்யூட்டரை விண்டோஸ் இல்லாமல் லினக்ஸில் ஓட்டும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இசக்கியம்மாள்தான் குரு. வயது முப்பத்தொன்று. சீடர் ஞானதுரைக்கு ஐம்பத்தாறு. குரு என்றால் தாடி வேண்டும் என்பவர்கள் ஞானதுரையைப் பார்த்துக்கொள்ளலாம், அது அவரிடம் இருந்தது.

பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில் ஞானதுரை அலுவலக உதவியாளர். பள்ளிக்குப் புதிதாக ஒரு பிரெய்ல் பிரிண்டர் வந்திருந்தது. மை கிடையாது, தாளில் புள்ளி புள்ளியாக மேடு எழுப்பும். அதை லினக்ஸ் கம்ப்யூட்டரோடு இணைத்து வேலை வாங்கும் பொறுப்பு ஞானதுரையின் தலையில் விழுந்தது.

திங்கட்கிழமை காலாண்டுத் தேர்வு.

போன தேர்வில் கணக்குக் கேள்விகளை ஓர் ஆசிரியை வாசித்துச் சொன்னார். அவசரத்தில் ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டார். பன்னிரண்டாம் வகுப்பு ஜொகரா தனக்குச் சொல்லப்பட்ட கணக்கைச் சரியாகப் போட்டாள், விடை தப்பாகிப் போனது. அவள் அழவில்லை. "இந்தத் தடவையாவது நானே விரல் வச்சு வாசிச்சுக்கிடுதேன் சார்" என்று மட்டும் கேட்டாள். ஞானதுரை வாக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் பிரிண்டர் முரண்டு பிடித்தது.

"அனுமதி இல்லை" என்றது திரை.

புதன்கிழமை குருவுக்குப் போன் போட்டார்.

"மேடம், பிரிண்டர் கேபிளை மாட்டியிருக்க போர்ட்டை யாரு வேணும்னாலும் தொடலாம்னு கட்டளை போட்டேன். ரெண்டு தாள் அடிச்சுது. கேபிள் லேசா ஆடிச்சு, திரும்ப அனுமதி இல்லங்குது. மறுபடி குடுத்தேன். மறுபடி ஆடிச்சு. ஒரே போர்ட்டுக்கு எத்தனை தடவைதான் அனுமதி குடுக்க?"

"ஒரே போர்ட் இல்ல சார். நீங்க அனுமதி குடுத்தது போயிட்டு. ஆடின பொறவு கம்ப்யூட்டர் புதுசா ஒன்னு உண்டாக்கியிருக்கு."

"பேரு அதேதான இருக்கு?"

"பேரு அதேதான்."

ஞானதுரை போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

"அப்போ நான் என்ன செய்ய?"

"போர்ட்டை விடுங்க சார். உங்களை மாத்துங்க."

எதை மாற்றவேண்டும் என்றும் சொன்னார். அந்தக் கம்ப்யூட்டரில் போர்ட்டுகளைத் தொட உரிமை உள்ளவர்களுக்கென்று ஒரு குழு உண்டு. அதில் ஞானதுரை தன் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு கேபிள் எத்தனை தடவை ஆடினாலும் கவலை இல்லை.

வியாழன் காலை சேர்த்தார். அச்சடிக்கச் சொன்னார்.

"அனுமதி இல்லை."

பிரிண்டரை அணைத்துப் போட்டார். கேபிளை மாற்றினார். குழுவிலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தார். ஒரு தடவை ஜெபம் பண்ணிவிட்டும் அழுத்திப் பார்த்தார். திரை அதே இரண்டு வார்த்தையைச் சொன்னது.

வெள்ளி மத்தியானம் இசக்கியம்மாள் பள்ளிக்கே வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தார். சீடனின் கீபோர்டைத் தொடுவதில்லை என்பது அவர் வைத்திருந்த ஒரே விரதம்.

"குழுவுல உங்க பேரு இருக்கா?"

"இருக்கு மேடம். நீங்களே பாருங்க."

ஓர் ஆள் எந்தெந்தக் குழுவில் இருக்கிறார் என்று கேட்கும் கட்டளையை அடித்து, பக்கத்தில் தன் பெயரைப் போட்டார். வரிசை வந்தது. கடைசியில் அந்தக் குழு இருந்தது.

"இப்போ பேரைப் போடாம கேளுங்க."

"பேரைப் போடாட்டா யாரைச் சொல்லும்?"

"கேட்டுப் பாருங்க."

வெறும் கட்டளையை மட்டும் அடித்தார். வரிசை வந்தது. அந்தக் குழு இல்லை.

ஞானதுரை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பெயர் போட்டுக் கேட்டார், இருந்தது. பெயர் போடாமல் கேட்டார், இல்லை. இப்படி நாலு தடவை. ஐந்தாவது தடவை கேட்கப் பயமாக இருந்தது.

"ரெண்டும் நான்தான மேடம்?"

"பேரைச் சொல்லிக் கேட்டா பதிவேட்டைப் பாத்துச் சொல்லும். சொல்லாம கேட்டா, கேக்குத ஆளைப் பாத்துச் சொல்லும்."

"ரெண்டுல எது நிஜம்?"

"போர்ட் எதை நம்புது?"

பக்கத்து அறையில் பிள்ளைகள் யாரோ ஒரு சூத்திரத்தைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"கடைசியா எப்போ லாக் அவுட் பண்ணினீங்க சார்?"

"பங்குனில."

இது புரட்டாசி.

"தினமும் மெஷினை நிறுத்துவீங்கல்லா?"

"நிறுத்துறதில்ல. தூங்க வச்சிட்டுப் போவேன். காலைல எழுப்புவேன்."

"தூங்கி எழுந்தா அதே ஆளுதான் சார். உள்ள வரும்போதுதான் நீங்க யாருன்னு அது ஒரு தடவை பாக்கும். பொறவு பாக்காது. லாக் அவுட் பண்ணிட்டுத் திரும்ப வாங்க."

ஞானதுரைக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று நாளாக வராத கோபம்.

"மாட்டேன். பங்குனில அப்படித்தான் வெளிய போனேன். திரும்ப வந்தா தமிழ் கீபோர்டைக் காணோம். அதைக் கொண்டாரதுக்கு ஒம்பது நாளாச்சு. இப்போ பதினோரு ஜன்னல் திறந்து வச்சிருக்கேன், ஒன்னொன்னும் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். கேள்வித்தாள்ல இன்னும் திருத்தம் வருதுங்காவ. தமிழ் போச்சுன்னா திங்கக்கிழமைக்கு நான் எங்க போவேன்? அந்தப் பிள்ளைட்ட என்ன சொல்லுவேன்?"

இசக்கியம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாம் அப்படியே திரும்பி வரும்னு சொல்லுங்க. பண்ணுதேன்."

"சொல்ல மாட்டேன் சார். எனக்குத் தெரியாது."

"பொறவு எந்த தைரியத்துல போகச் சொல்லுதீங்க?"

"இருங்களேன். யாரு போகச் சொன்னா? இங்கேயே இருந்தா எல்லாம் இருக்கும். பிரிண்டர் மட்டும் ஓடாது."

அவர் சொன்னதில் கேலி இல்லை. அதனால்தான் ஞானதுரைக்கு வலித்தது. ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். பதினொன்றில் நான்கை எதற்குத் திறந்தோம் என்றே நினைவில்லை. கேள்வித்தாளைச் சேமித்தார். மறுபடியும் சேமித்தார். பிறகு மவுஸை மூலைக்குக் கொண்டுபோய் லாக் அவுட்டை அழுத்தினார்.

திரை காலியானது. பெயர் கேட்டது. பாஸ்வேர்ட் கேட்டது. முதல் தடவை தப்பாக அடித்தார்.

உள்ளே வந்ததும் ஒரு ஜன்னலும் இல்லை, பின்னால் இருந்த படம் மட்டும் இருந்தது. அந்தப் படத்தை அவர் ஆறு மாதமாகப் பார்த்ததில்லை. தமிழில் ஓர் எழுத்து அடித்துப் பார்த்தார். வந்தது.

பெயரைப் போடாமல் கேட்டார். குழு இருந்தது.

கேள்வித்தாளைத் திறந்து அச்சடிக்கச் சொன்னார். பிரிண்டர் ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு மேசையே அதிர, டகடகவென்று குத்தத் தொடங்கியது. கேபிள் ஆடிக் கழன்றது. திரும்ப மாட்டினார். விட்ட தாளை மறுபடி அனுப்பினார். மறுபேச்சில்லாமல் குத்தியது.

முதல் தாளை எடுத்துத் தடவினார். அவருக்குப் பிரெய்ல் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் ஓரம்வரை தடவினார்.

அவ்வளவு நேரம் சும்மா இருந்த சந்தேகம் அப்போதுதான் கிளம்பியது.

"மேடம், என்னை நேத்துக் காலைலயே சேத்தாச்சு."

"ஆமா."

"லிஸ்ட்டுல பேரும் இருந்துச்சு."

"இருந்துச்சு."

"இன்னைக்கு நான் புதுசா ஒன்னுமே பண்ணல. போனேன், வந்தேன்."

"ஆமா சார்."

"அப்போ நேத்துலருந்து இந்த நாற்காலியில உக்காந்து, அனுமதி இல்ல அனுமதி இல்லன்னு கிடந்து முழிச்சது யாரு?"

இசக்கியம்மாள் தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்து உதறிவிட்டு எழுந்தார்.

"இப்போ வெளிய போனாருல்லா, அவருதான் சார்."