கசியாத மூடி

கோத்தகிரிச் சரிவில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மெஹருன்னிசாவிடம் சடையப்பன் வேலை கற்கச் சேர்ந்தபோது, அவளைவிட அவர்தான் மூத்தவர். காலமெல்லாம் எஸ்டேட் ஜீப் ஓட்டியவர். பானெட்டைத் திறந்து பார்த்ததில்லை. சூப்பர்வைசர் தர்மலிங்கத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதுமில்லை. அவள் அவரை “அண்ணே” என்பாள். அவர் அவளை “மாஸ்டர்” என்பார்.

ஒருநாள் அதே ஜீப் வந்து நின்றது. எவ்வளவு ஊற்றினாலும் ரேடியேட்டரில் தண்ணீர் நிற்கவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் அதில்தான் மலை ஏறி இறங்க வேண்டும்.

மெஹருன்னிசா இன்ஜினைத் துடைத்துக் காயவிட்டு, ஸ்டார்ட் செய்தாள். சடையப்பன் டார்ச் அடித்துத் தேடினார். இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டுத் துளைகளை அடைத்திருந்த வட்டத் தகட்டு மூடிகளில் ஒன்றின் ஓரத்தில் செந்நிறமாக நீர் துளிர்த்தது.

“ஃப்ரீஸ் பிளக்,” என்றாள்.

ஜீப்போடு வந்திருந்த தர்மலிங்கம் எட்டிப் பார்த்தார். “இவ்வளவுதானா? மேலே பேஸ்ட்டை அப்பி விடுங்க. மதியம் வண்டி வேணும்.”

“மலை ஏத்தத்துல பேஸ்ட் நிக்காது சார்.”

“அதை நான் பாத்துக்கறேன்.”

அவர் போனதும் அவள் தண்ணீரை வடித்தாள். கசிந்த மூடியின் ஓரத்தில் உளியை வைத்துத் தட்டினாள். மூடி பக்கவாட்டில் திரும்பியது. குறடால் இழுத்தாள். உட்புறத்தைத் துரு தின்றிருந்தது. விரல் பட்டதும் அப்பளம்போல் நொறுங்கியது.

பக்கத்து மூடிக்கும் உளியை வைத்தாள்.

“அது கசியலையே மாஸ்டர்?”

“இன்னைக்குக் கசியலை.”

அதுவும் அப்படியேதான் துருவேறி வந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றி, கடைசி மூடிக்கு உளியை அவரிடம் நீட்டினாள்.

“சூப்பர்வைசர் கேட்டா என்ன சொல்றது?”

“முதல்ல எடுங்க அண்ணே.”

எடுத்தார். கையில் கனத்தது. உள்ளே பொட்டுத் துருகூட இல்லை. அவருக்கு வியர்த்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தர்மலிங்கம் வந்து நின்றார். மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லா இருக்கிறதை யாரு பேத்தது?”

சடையப்பன் மாஸ்டரைப் பார்த்தார். அவள் துளையின் விளிம்பை எமரித் தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“நான்தான்,” என்றார். செருமிக்கொண்டார். “கழட்டலேன்னா அது நல்லதுன்னு எனக்கும் தெரிஞ்சிருக்காது, உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது. எல்லாத்துக்கும் புதுசு போடாம வண்டி நகராது.”

“யாருகிட்டப் பேசறேன்னு தெரியுதா சடையா?”

“தெரியுது. இதுல ஏறப்போறது யாருன்னும் தெரியுது.”

“இனி ஒரு எஸ்டேட் வண்டியும் இந்தப் பக்கம் வராது.” மூடியைத் தரையில் வீசிவிட்டு தர்மலிங்கம் வெளியேறினார்.

மெஹருன்னிசா புது மூடி ஒன்றைத் துளையில் பொருத்தி, அளவான ஸ்பேனர் சாக்கெட்டை அதன்மேல் வைத்து நிதானமாக அடித்தாள். மூடி நேராக இறங்கியது.

சடையப்பன் தரையில் கிடந்த மூடியைப் பொறுக்கி எடுத்தார். அருகில் குந்தினார்.

“உங்க பிழைப்புலயும் மண்ணு விழப்போகுது. நான் பேசினது சரியா மாஸ்டர்?”

அவள் அடுத்த மூடியை எடுத்தாள்.

“என்னைக் கேட்டுக்கிட்டா பேசினீங்க?”