சுவருக்குக் கீழே எடுத்த தண்ணீர்

நீலமலையில் சின்னக்கோரை என்று ஓர் அணை. அதற்கு மேலே, சோலைக்காடு முடிகிற இடத்தில் ஒரு சின்ன மடம். மார்கழியில் விடிந்தால் அங்கே புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி உறைபனி கிடக்கும்.

மடத்தை நடத்தி வந்தவர் குமுதவல்லி அம்மா. அவருக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. அவருடைய சீடர் பெள்ளனுக்கோ எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. குரு சீடரை "பெள்ளண்ணா" என்பார். சீடர் குருவை "அம்மா" என்பார். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

சாயந்தர ஜெபம் முடிந்ததும் கேள்வி உள்ளவர்கள் கேட்கலாம். பெள்ளனிடம் இருந்தது ஒரே கேள்விதான்.

"அம்மா, அணையில மீன் திரும்பி வருமா?"

சமையல் பார்க்கும் தெய்வானைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாமெல்லாம் கீரையைக் கடைஞ்சு வச்சு சாமி கும்பிடுறோம். இவரு ஒருத்தர் மட்டும் மீனுக்காக ஜெபம் பண்றாரு."

"திங்கறதுக்கா கேட்டேன்? கண்ணால பார்க்கறதுக்குத்தானே கேட்டேன்."

"பார்த்துட்டு சும்மா விட்டுடுவீங்களாக்கும்!"

அம்மாவும் சிரித்தார். பதில் மட்டும் சொல்லவில்லை.

பெள்ளன் கேட்டது டிரவுட் மீனை. வெள்ளைக்காரன் காலத்தில் முட்டையாகக் கப்பலேறி வந்து, இந்தக் குளிரில் பிழைத்துக்கொண்ட மீன் அது. அணைக்கரையில் இருந்த மீன்பண்ணையில்தான் பெள்ளன் வாலிபத்திலிருந்து வேலை பார்த்தார். சினை மீனை ஈரக்கையால் பிடித்து, குழந்தைக்கு எண்ணெய் தடவுகிற பதத்தில் வயிற்றை நீவுவார். ஆரஞ்சு மணிகளாக முட்டை கிண்ணத்தில் விழும். ஆண் மீனின் பாலை அதில் விட்டுக் கோழி இறகால் கலக்குவார். கையால் கலந்தால் முட்டை நொந்துவிடும் என்பார்கள்.

அந்தக் காலத்தில் காலை வேளையில் அணையைப் பார்த்தால் மழை தூறுகிற மாதிரி இருக்கும். மழை இருக்காது. மீன்கள் மேலே வந்து பூச்சி பிடிக்கிற வட்டங்கள்தான், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும். தூண்டில்காரர்கள் கம்பளித் தொப்பியோடு பேசாமல் நிற்பார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் மனைவி மாதி வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொள்வாள். "என்னைத் தொட்டதைவிட மீனைத்தான் அதிகமா தொட்டிருக்கே. போ, குளிச்சுட்டு வா."

அப்புறம் கேரட் தோட்டங்கள் தண்ணீர் வரைக்கும் இறங்கின. ஒவ்வொரு மழைக்கும் செம்மண் கரைந்து ஓடைகளில் வந்தது. டிரவுட் முட்டை விடுகிற கூழாங்கல் எல்லாம் சேற்றுக்குள் போயிற்று. அணையில் கெண்டை பெருத்தது. பண்ணைக்குப் பூட்டுப் போட்டார்கள். எங்கிருந்தோ குஞ்சு கொண்டுவந்து அணையில் விட்டார்கள். குஞ்சுகள் வளர்ந்தன, பெருகவில்லை. வட்டங்கள் நின்றுபோயின.

மாதியும் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகுதான் பெள்ளன் மடத்துக்கு வந்தார். மடத்தை ஒட்டி ஓடுகிற ஓடை ஒன்றுதான் அந்த மலையில் இன்னும் தெளிவாக ஓடியது. அதன் குறுக்கே தன் கையாலேயே கல் அடுக்கி, சிமென்ட் பூசி, இடுப்பளவு சுவர் எழுப்பினார். தண்ணீர் தேங்கி அழகான குளமாயிற்று. பூஜைக்குத் தண்ணீர் அங்கேதான். கார்த்திகைக்கு விளக்கு மிதக்க விடுவதும் அங்கேதான். மேல் கல்லில் "மாதி" என்று உளியால் வெட்டினார். தினமும் அந்தக் கல்லைத் துடைத்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார்.

மீனைப் பற்றிக் கேட்ட அன்று சாயந்தரம், எல்லோரும் எழுந்து போன பிறகு அம்மா சொன்னார். "பெள்ளண்ணா, நாளையிலேர்ந்து பூஜைக்குத் தண்ணி குளத்துல எடுக்க வேண்டாம். சுவருக்குக் கீழே இறங்கி எடுத்துட்டு வாங்க."

பெள்ளனுக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, குளத்துத் தண்ணி சுத்தமில்லையா?"

"சுத்தந்தான்."

"பின்னே?"

"கீழேயும் அதே தண்ணிதானே. எடுத்துட்டு வாங்களேன்."

மறுநாள் பெள்ளன் குடத்தோடு இறங்கினார். பாறையெல்லாம் பனி வழுக்கியது. முள் வேட்டியைப் பிடித்தது. முணுமுணுத்துக்கொண்டே மொண்டார். அதற்கு அடுத்த நாளும் முணுமுணுத்தார்.

"என்ன, ஸ்லோகம் புதுசா இருக்கு?" என்றாள் தெய்வானை.

"நீ இறங்கிப் பாரு. உனக்கும் தானா வரும்."

இன்னொரு காலையில் குடத்தை அமிழ்த்தப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

சுவரடியில், நுரைக்கு நடுவே, விலாவில் சிவப்புப் பட்டையோடு ஒரு மீன். அதன் பின்னால் இன்னொன்று. நிழலில் மூன்று நான்கு.

குடம் உருண்டது. எழுபது வயசுக்காரர் முள்ளையும் வழுக்கலையும் பார்க்காமல் மேலே ஓடி வந்தார்.

"அம்மா! வந்துட்டாங்கம்மா! வந்துட்டாங்க!"

தெய்வானை கரண்டியோடு வெளியே வந்தாள். "யாரு? விருந்தாளியா? ரசம் பத்தாதே!"

அம்மா ஒன்றும் கேட்காமல் பெள்ளனோடு இறங்கி வந்தார். இருவரும் ஈரப் பாறையில் உட்கார்ந்தார்கள். பெள்ளன் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பெரிசு சினையா இருக்கு, பாருங்க. வயித்தைப் பார்த்தாலே தெரியுது. அணையிலேர்ந்து இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கு."

"எதுக்கு வந்திருக்கு?"

"முட்டை விடத்தான். ஓடுற தண்ணியில, கூழாங்கல்லுல குழி பறிச்சு..." பெள்ளன் பேச்சை நிறுத்தினார்.

சினை மீன் பின்வாங்கி, விசையோடு எழும்பியது. சுவரின் பாதி உயரத்தில் மோதி விழுந்தது. திரும்ப எழும்பியது. மோதிய இடத்தில் சிமென்டில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பெள்ளன் பாறையின் விளிம்புக்கு நகர்ந்தார்.

"கையால தூக்கி மேலே விட்டுடலாம்மா. ஈரக்கையால பிடிச்சா அதுக்கு நோகாது. பண்ணையில எத்தனை பிடிச்சிருக்கேன்."

"சரி."

"தினமும் வந்து விடுறேன்."

"சரி. குளத்துல விட்டா முட்டை விடுமா?"

"குளத்துல சேறுதான் தங்கி இருக்கு. இன்னும் மேலே கொண்டு போகணும்."

"முட்டை விட்டுட்டு அது திரும்ப அணைக்கு இறங்கணுமே?"

"அதையும் நானே தூக்கி..." அவருக்கே கேட்கச் சகிக்கவில்லை. "குஞ்சு இறங்கற காலத்துல நான் இருப்பேனோ, மாட்டேனோ."

அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடிக்கச் சொல்றீங்களாம்மா?"

"நான் தண்ணி எடுத்துட்டு வரத்தானே சொன்னேன்."

"மாதி பேர்ல கட்டினது. எனக்கு அவ இருக்கற இடம் இது ஒண்ணுதான். இதையும் எடுத்துட்டா நான் எங்க போய் உட்காருவேன்?"

மீன் மறுபடியும் எழும்பியது. இந்தத் தடவை பெள்ளன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா மெல்லக் கேட்டார். "மாதிம்மா எப்பவாவது குளம் கேட்டாங்களா?"

"அவ எதையும் கேட்கற பொம்பளை இல்லை. ஒரு புடவை கேட்டதில்ல." பெள்ளனின் குரல் இறங்கிப்போயிற்று. "ஒரே ஒரு தடவை கேட்டா. படுக்கையில விழுந்து, வாய்க்கு எதுவும் பிடிக்காம கிடந்தப்போ. 'ஒரு டிரவுட் வறுத்துக் கொடேன்'னா. காலம் பூரா மூக்கைப் பொத்தினவ."

"கொடுத்தீங்களா?"

"எங்கே கொடுக்கறது? தூண்டிலைப் போட்டுட்டு அணையில ராப்பகலா கிடந்தேன். கெண்டையாத்தான் வந்தது. அதைக் கொண்டுபோய் இதுதான்னு சொல்ல மனசு வரல. வெறுங்கையோட போனேன். 'ஏன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கறே, வரும்போது வரட்டும்'னா. அப்புறம் ஒரு வாரந்தான்."

மேலே மடத்தில் தெய்வானை யாரிடமோ குடத்தைக் காணோம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெள்ளன் சுவரை நிமிர்ந்து பார்த்தார். "கேட்டவளே போயிட்டாம்மா. இனிமே அது ஏறினா என்ன, ஏறாட்டா என்ன? வந்து யாருக்கு?"

அம்மா தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கேட்டவங்கதான் போயிட்டாங்க, பெள்ளண்ணா. கேட்டது போகலையே."

பெள்ளன் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தக் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கி, சுவரின் மேல் கல்லைப் பெயர்க்கக் கை வைத்தார்.