ஜீப்புக்கு அடியில்

ஒன்றாம் வகுப்பு டீச்சர் செங்கமலத்தின் சீட்டைக் கிழித்தே தீருவது என்று வந்து நின்றார் கல்வி அதிகாரி வைத்திலிங்கம்.

"ஒன்பது மணிக்கே, மழைக்கு முன்னாடியே வந்துட்டேன். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்துச்சு. இங்கேயே ஜீப்பை நிறுத்தி, மழை விடுற வரைக்கும் ஒரு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்!" என்று உறுமினார்.

டீச்சர் வகுப்புப் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "பிள்ளைங்களா, சார் சொல்றது சரியான்னு எப்படிக் கண்டுபிடிக்கலாம்? போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள்.

வாண்டுகள் வாசலுக்கு ஓடி ஜீப்புக்கு அடியில் தலையை விட்டன.

"மழைக்கு முன்னாடியே வந்திருந்தா அடியில காஞ்சிருக்கணும் டீச்சர். சொதசொதன்னு இருக்கு!"

"தண்ணி ஓடி வந்திருக்கும்" என்றார் அதிகாரி.

ஜீப்பின் பானெட்டைத் தொட்ட பொன்மணி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். "இன்னும் சுடுது சார்!"

அதிகாரி டிரைவரை முறைத்தார்.

"நான் அப்பவே சொன்னேன் சார், ரெண்டாவது காபி வேண்டாம்னு" என்றார் டிரைவர்.