மயிலுக்கு வைத்த அரிசி

கோமதிநாயகம் சீடராக வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு நாற்பத்தொன்று.

குருவின் பெயர் உலகம்மை. மேற்கு மலை அடிவாரத்தில், பஸ் வந்து திரும்புகிற இடத்துக்கும் அப்பால், ஓட்டுக் குடில் ஒன்றில் இருந்தார். கோமதிநாயகம் முப்பது வருஷம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். வண்டி ஒரு நிமிஷம் பிந்தினாலும் டிரைவரை நிற்க வைத்துக் கேட்பார். மனைவி போன பிறகு மகள் வீட்டில் கொஞ்ச காலம் இருந்து பார்த்தார். ஒட்டவில்லை. இங்கே வந்துவிட்டார்.

வந்த அன்றைக்கே, "நான் என்னம்மா செய்யணும்?" என்று கேட்டார்.

"அடுக்களைக்குப் பின்னால கொஞ்சம் மண்ணு சும்மா கிடக்கு. தக்காளி போட்டுப் பாருங்க."

மந்திரமோ தியானமோ சொல்லித் தருவார் என்று எதிர்பார்த்து வந்தவர். ஆனாலும் மறுபேச்சுப் பேசாமல் மண்ணைக் கொத்தினார்.

முப்பது செடி. ஆறு வரிசை. நூல் பிடித்து நட்டார். ஒவ்வொரு செடிக்கும் ஒரு குச்சி ஊன்றிக் கட்டினார். காலையில் எழுந்தால் முகம் கழுவுவதற்கு முன்னால் செடிகளைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. முதல் பூ விட்ட நாளில் குருவைக் கையோடு அழைத்துப் போய்க் காட்டினார்.

காய்கள் பழுக்கத் தொடங்கிய வாரம் மயில் வந்தது. ஒரு பெட்டையும் நாலு குஞ்சுகளும்.

ஒரு பழத்தை முழுசாகத் தின்றிருந்தால்கூட அவருக்கு மனசு ஆறியிருக்கும். அதுகள் ஒவ்வொரு பழத்திலும் ஒரே ஒரு கொத்து கொத்திவிட்டு அடுத்ததற்குப் போயின. குஞ்சுகள் கொழுந்தை ஒடித்து விளையாடின.

"அம்மா, இதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"வலை கட்டிப் பாருங்க."

கட்டினார். அடியில் நுழைந்து வந்தன. பழைய சேலைகளைச் சுற்றிலும் கட்டினார். பறந்து வந்து இறங்கின. தகரத்தைத் தட்டினார். ஓடின, கை ஓய்ந்ததும் திரும்பி வந்தன. கடைசியில் தன் காக்கிச் சட்டையில் வைக்கோலை அடைத்து ஒரு பொம்மை நிறுத்தினார். மத்தியான வெயிலுக்குப் பெட்டை அந்தப் பொம்மையின் நிழலில் குஞ்சுகளோடு படுத்துக்கொண்டது.

இப்படியே இரண்டு மாதம் போயிற்று. ஒரு நாள் உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது கோமதிநாயகம் எதிரில் போய் நின்றார்.

"எல்லா உயிரும் ஒண்ணுன்னு சொல்றீங்களேம்மா. இதுகளும் அதுல சேத்தியா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதானே தினமும் பாக்குறீங்க."

"நான் பாத்த வரைக்கும் இதுகளுக்கு வயிறு மட்டும்தான் இருக்கு."

உலகம்மை சிரித்தார். "இன்னும் கொஞ்சம் பாருங்க."

அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் பஸ் ஏறி டவுனுக்குப் போனார். எலிக்கு என்று சொல்லி மருந்து வாங்கினார். அதற்கு அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு, இரண்டு கை அரிசியில் அதைக் கலந்து, முருங்கை மரத்தடியில் இருந்த தட்டைக் கல்லின் மேல் பரப்பினார். சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினார். உள்ளே போய்ச் சம்மணம் போட்டுக் கண்ணை மூடினார்.

மனசு உட்காரவில்லை.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். பின்பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. தொண்டைக்குள் எதையோ உருட்டுகிற மாதிரி, மெதுவாக, க்ளக், க்ளக் என்று. மல்லுக்கட்டிய நாட்களில் மயிலின் ஒவ்வொரு சத்தமும் அவருக்குப் பாடமாகியிருந்தது. இது, இரை கிடைத்தால் பெட்டை குஞ்சுகளைக் கூப்பிடுகிற சத்தம். கூப்பிட்டுவிட்டு அது உடனே தின்னாது. முதலில் குஞ்சுகள் தின்னட்டும் என்று கழுத்தை நீட்டிக் காவல் நிற்கும்.

அவர் எழுந்து ஓடினார்.

மரத்தடியில் மயில் இல்லை. கல் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு அரிசிகூட மிச்சமில்லை.

ஓடைப் பக்கம் ஓடினார். காலில் செருப்பில்லை. புதர் புதராக விலக்கிப் பார்த்தார். பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். உலகம்மை மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார். முழங்கை வரை மண். கையில் மண்வெட்டி.

"என்ன தேடுறீங்க?"

உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"மயிலும்மா. குஞ்சுகளோட. இப்பவே பாக்கணும்."

ஏன் என்று உலகம்மை கேட்கவில்லை. "நீங்க ஓடைக்கு அந்தப் பக்கம் போங்க. நான் இந்தப் பக்கம் பாக்குறேன்."

தேடினார்கள். உடைமுள் வேட்டியைக் கிழித்தது, பாதத்தில் ஏறியது. கோமதிநாயகம் குனிந்து முள்ளைப் பிடுங்கக்கூட நிற்கவில்லை. "வா தாயி, எங்க இருக்க, வா" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுக்கொண்டே போனார். நேற்றுவரை அதுகளைச் சனியன்கள் என்று திட்டிய வாய்.

ஒரு பாறைக்குப் பின்னால் காக்கைகள் கூட்டமாகக் கத்தின. கோமதிநாயகம் அங்கேயே நின்றுவிட்டார்.

"நீங்க போய்ப் பாருங்கம்மா. என்னால முடியாது."

உலகம்மை போனார். பாறை அருகே ஒரு கணம் நின்றார். பிறகுதான் எட்டிப் பார்த்தார்.

"பலாச்சக்கை. யாரோ கொட்டிட்டுப் போயிருக்காங்க."

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஒரு இறகுகூடக் கண்ணில் படவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தேடலாம் என்று இருவரும் குடிலுக்குத் திரும்பினார்கள். அடுக்களை மூலையில் திரும்பியதும் உலகம்மை சட்டென்று நின்று கையை நீட்டிக் காட்டினார்.

தக்காளி வரிசை நடுவில், வலைக்கு உள்ளே, பெட்டை நின்றுகொண்டிருந்தது.

கோமதிநாயகம் விரலை நீட்டி எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றோடு நின்றுவிட்டது. மறுபடி எண்ணினார். மூன்றுதான். அப்போது கடைசி வரிசையில் ஒரு செடி குலுங்கியது. இலைக்கு அடியிலிருந்து நாலாவது குஞ்சு வெளியே வந்தது. அலகில் முழுசாக ஒரு தக்காளி. விழுங்கவும் முடியாமல் விடவும் மனசில்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி ஓடியது.

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"விரட்டலையா?" என்றார் உலகம்மை.

"வேண்டாம்மா. தின்னட்டும்."

பெட்டை அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னொரு பழத்தில் ஒரு கொத்து கொத்தியது. அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் சொல்ல முடிந்தது.

"அம்மா, நான் காலையில விஷம் வச்சேன்."

"தெரியும். எட்டரை மணிக்கு முருங்கைக்கீரை பறிக்கப் போனேன். அரிசி நாத்தம் சரியில்ல. அப்பவே வழிச்சு எடுத்து, கல்லைக் கழுவிவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் குழி தோண்டிப் புதைச்சேன். கட்டாந்தரை. தோண்டி முடிச்சு நிமிர்றேன், நீங்க ஓடுறீங்க."

"அப்போ அது குஞ்சுகளைக் கூப்பிட்டது?"

"கரையான் ஏதாவது கிடைச்சிருக்கும்."

"புதைச்சாச்சுன்னு அங்கயே சொல்லியிருக்கலாமேம்மா. நானாவது இந்த ஓட்டம் ஓடாம இருந்திருப்பேன்."

"நான் வரும்போது கல்லு மேல அரிசி இருந்துச்சு. நீங்க வச்சதெல்லாம் இருந்துச்சா, அதுக்குள்ள குஞ்சு கொத்தியிருச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? எவ்வளவு வச்சீங்க?"

"ரெண்டு கை."

உலகம்மை தன் மண் படிந்த உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். பிறகு கோமதிநாயகத்தின் கைகளைப் பார்த்தார்.

"எனக்கு மூணு கை வந்துச்சு. உங்க கை பெருசு. அப்போ சரியாத்தான் இருக்கு." சொல்லிவிட்டு அவரும் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். நெடுநேரம் இருவரும் எழுந்திருக்கவில்லை. குஞ்சுகள் ஒரு வரிசையை முடித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போயின.

கோமதிநாயகம் எழுந்து உள்ளே போய் மருந்துப் பொட்டலத்தின் மிச்சத்தை எடுத்துவந்து குருவின் முன்னால் வைத்தார். தலை நிமிராமலே கேட்டார்.

"என் மேல கோபமே வரலையாம்மா?"

"வராமயா? மண்வெட்டியால மண்டையில ஒண்ணு போடணும்னுதான் பின்னாலயே ஓடி வந்தேன்," என்றார் உலகம்மை. "தேடுற அவசரத்துல அது எங்கயோ விழுந்துபோச்சு."