சத்தத்தை முந்திய மொபெட்

சவரிராயன் வாயைத் திறந்தால் கடலே ஒதுங்கி வழிவிட வேண்டும், அப்பேர்ப்பட்ட வாய். அன்று மத்தியானம் மீன் ஏலக் கொட்டகை நிழலில், கஸ்பாரின் மொபெட் பக்கத்தில் ஸ்பேனரோடு குத்தவைத்திருந்தான். சைலன்சரில் ஒரு நட்டைக் கழற்றியாகிவிட்டது. இன்னொன்று பாக்கி.

கஸ்பாருக்கு அவன் பேச்சில் காலணா நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வண்டியைக் கொடுத்துவிட்டு நின்றான். எல்லாம் வயிறு படுத்தும் பாடு. இரண்டு பேருமே ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு மேற்கே ஊர் ஊராக மீன் விற்பவர்கள். கொஞ்ச நாளாக வேறு கரைக்காரன் ஒருவன் புது வண்டியில் முந்திப் போய் விற்றுவிடுகிறான். கஸ்பார் போய்ச் சேரும்போது எல்லார் வீட்டிலும் குழம்பு கொதிக்கிறது. இப்படியே போனால் தொழிலை விட வேண்டியதுதான். இந்த நேரம் பார்த்து, சவரி தன் வண்டி சைலன்சரின் குடலை உருவி, வாயை அகலமாக்கி, முந்தின நாள் ஓட்டிவிட்டு வந்திருந்தான். கஸ்பார் வண்டிக்கும் அதே வேகத்தை வரவைத்துத் தருகிறேன் என்று ஸ்பேனரை எடுத்துவிட்டான்.

"நேத்து கிக்கர ஒரு மிதி மிதிச்சேன் பாரும். புகை தள்ளின தள்ளுல, தேரியில நின்ன மணல்மேடு அப்படியே எந்திரிச்சு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் உக்காந்துட்டு. எந்தப் பட்டாவுல எழுதன்னு தாசில்தாரு முழிச்சுக்கிட்டு நிக்காரு."

கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த தெக்ளம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பனைமரம் எதுவும் கூடப் போகலியோ?"

"போச்சுல்லாக்கா! பதனிக் கலயத்தோட போச்சு. ஒரு சொட்டு சிந்தல. மேல இருந்தவரு எறங்கிப் பாத்தா அடுத்த பஞ்சாயத்து. பாவம், ரேஷன் கார்ட மாத்த அலையுதாரு."

"ஐஸு தாங்கிச்சா?" என்றான் கஸ்பார். அவன் கவலை அவனுக்கு.

"தாங்கிச்சாவா? அடிச்ச காத்துல, உருகின தண்ணியும் திரும்ப ஐஸாப் போச்சு வே. குளிரு பொறுக்காம ஒரு சீலா மீனு பெட்டி மூடியத் தட்டுது."

"செத்த சீலாவா?"

"பயத்துல உசுரு திரும்பிட்டு."

வெட்கம் என்பது சவரி குடியிருக்கும் தெருப்பக்கமே வந்ததில்லை. கஸ்பார் பல்லைக் கடித்துக்கொண்டு சவரியின் வண்டியைப் பார்த்தான். கைப்பிடியில் இருக்க வேண்டிய ரப்பர் ஹாரனைக் காணோம். மேற்கே பெண்கள் அந்தப் 'பாம் பாம்' சத்தத்தைக் கேட்டுத்தான், இன்ன மீன்காரன் வந்திருக்கிறான் என்று சட்டியோடு தெருவுக்கு வருவார்கள்.

"ஹாரன் எங்க வே?"

"கழத்தி எறிஞ்சுட்டேன். இந்தச் சைலன்சரு சத்தத்துக்கு முன்னால ஹாரனு என்னத்துக்கு? ஆனா ஒண்ணு, வண்டி வேகத்துக்குச் சத்தம் ஈடுகுடுக்க மாட்டேங்கு. நான் ஒரு ஊரைச் சுத்தி முடிச்சு, அடுத்த ஊர்ல டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன். அப்பதான் முந்தின ஊருக்குச் சத்தம் வந்து சேருது. பொம்பளைய எல்லாம் சட்டியோட ஓடியாராவ!"

"யாரைப் பாக்க ஓடியாராவ?"

"என்னையத்தான்."

"நீருதான் அடுத்த ஊர்ல டீ குடிக்கீரே. மீனை யாருட்ட வித்தீரு?"

ஸ்பேனர் நின்றது. தெக்ளம்மாள் இப்போதுதான் திரும்பினாள். விற்றுத் தீர்த்துவிட்டு வருகிறவன் பெட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைப்பது அந்தக் கரையின் வழக்கம். சவரியின் பெட்டி மட்டும் கட்டிய கயிறோடு வண்டியிலேயே இருந்தது. கஸ்பார் போய்க் கயிற்றை அவிழ்த்து மூடியைத் தூக்கினான். சாளை, பாரை, அந்தச் சீலா எல்லாம் வெந்நீர் மாதிரி கிடந்த ஐஸ் தண்ணீரில் போட்டது போட்டபடி மிதந்தன. தெக்ளம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

சவரி அசரவில்லை. "அது நேத்து மீனு இல்ல வே. போன வேகத்துல ஒரு நாளு முந்திப் போயிட்டேன். நாளைக்குப் பிடிக்கப்போற மீனு அது."

இந்த வாயை நம்பிப் பிழைப்பைக் கொடுக்கப் பார்த்தோமே என்று கஸ்பாருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. தன் வண்டி ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துக்கொண்டான்.

"நாளைக்குப் பிடிக்கப்போற மீனு இன்னைக்கே நாறுதாக்கும்? சரி, கழத்தின நட்டை முடுக்கும்."