முதலை படுத்த பாறை

ஆற்றங்கரையில் அகலமான பாறை ஒன்று இருந்தது. காட்டில் யார் எந்த வித்தையைக் கண்டுபிடித்தாலும் அதில்தான் கீறி வைப்பார்கள். சிலந்தியின் வலை, கரையானின் புற்று, தூக்கணாங்குருவி கூடு தொங்கவிடும் முடிச்சு, எல்லாம் அங்கே இருந்தன. யாரும் பார்க்கலாம், பிழை திருத்தலாம். "பாறையில் இருக்கும்போது மண்டையில் எதற்கு?" என்று குருவி தன் முடிச்சையே மறந்துவிட்டது.

பாறையைக் கழுவிப் பராமரித்த நீர்நாய், ஒருநாள் ஒரு கூடை கெண்டை மீனுக்கு அதை முதலையிடம் விற்றுவிட்டது.

"எதுவும் மாறாது. நான் சும்மா மேலே படுத்திருப்பேன்" என்றது முதலை.

படுத்தது. பாறையே தெரியவில்லை.

குருவியின் கூடு பாதியில் நின்றது. மனைவி முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. மேற்கே மேகம் கருத்தது.

"ஐயா, வயிற்றைக் கொஞ்சம் தூக்கினால் என் முடிச்சைப் பார்த்துக்கொள்வேன்."

"என் வயிற்றுக்கு அடியில் இருப்பதெல்லாம் என்னுடையது, தம்பி. உனக்குக் கூடுதானே வேண்டும்? நானே கட்டியிருக்கிறேன், குடிவா."

பாறைமேல் சாய்ந்த மருதக் கிளையில், படுத்தபடியே முதலை கட்டிய கூடு தொங்கியது. அதன் வாசல் நேராக முதலையின் வாய்க்குள் திறந்தது. முன்பே அதில் குடிபோன காடை ஒன்றை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

குருவி அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தது.

"தையல்சிட்டு அந்த முடிச்சைப் பார்த்துத்தானே இலை தைத்தாள்? போய்க் கேளுங்கள்" என்றாள் மனைவி.

தையல்சிட்டுக்கு முன்பாதி நினைவிருந்தது. அதில் பிழை திருத்தியிருந்த சிலந்திக்குப் பின்பாதி நினைவிருந்தது. இரண்டையும் சேர்த்ததும் முடிச்சு முழுதானது; இனி எங்கே கீறி வைப்பது என்ற கேள்வி வந்தது.

"என் முதுகில் எழுதுங்கள். நான் எதையும் விற்க மாட்டேன்" என்றது எருமை.

காய்ந்த சேற்று முதுகில் எல்லாரும் தத்தம் வித்தையைக் கீறினார்கள். எருமை நல்லவன்தான். ஆனால் உச்சி வெயில் ஏறியதும் குளத்தில் இறங்கிவிட்டான்.

"ஐயோ, முடிச்சு போச்சே!" என்று குருவி கத்தியது.

"முதலை வயிற்றுக்குப் பதில் எருமை முதுகா?" என்றாள் மனைவி. "மறுபடி சொல்லச் சொல்லுங்கள். இந்தத் தடவை ஆளுக்கொரு பிரதி."

பனை மட்டையில், புற்றுச் சுவரில், ஆமை ஓட்டில் என்று காடெங்கும் முடிச்சு ஏறியது. எருமைகூட ஒன்று கேட்டு வாங்கிக் கொம்பில் கீறிக்கொண்டான்.

கூடு தொங்கிய அன்றே மழை கொட்டியது. மூன்று முட்டைகளும் நனையவில்லை. ஆற்றில் வெள்ளம் மூக்கு வரை ஏறியும் முதலை பாறையை விட்டு அசையவில்லை.

"முடிச்சு பார்க்க யாராவது வருகிறீர்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

ஊருக்குப் பொதுவான அறிவை எவ்வளவு நல்லவர் முதுகிலும் ஒற்றைப் பிரதியாக ஏற்றி வைக்காதே. ஆளுக்கொன்றாய் வைத்திருப்பதை எவராலும் விலைக்கு வாங்க முடியாது.